காற்றுப் படாத இடம்

குளிர்காலத்தில் கிழவரின் காரில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாக மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். அவர் கவனிக்காதபடி, சீட் பெல்ட்டை இழுக்கும் சாக்கில். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஹீட்டர் கம்பி ஒன்று நிற்கும். அதைத் தூக்கினால் எஞ்சின் விசிறி தள்ளும் காற்று, புகைக்குழாய்களைச் சுற்றியுள்ள தகரக் கூட்டுக்குள் நுழைந்து, சூடேறி, கதவடி வழியே ஓடி, கணுக்காலில் வந்து மோதும். தண்ணீர் இல்லாத எஞ்சின் என்பதால் காருக்குள் சூடு வர அதுதான் வழி. எஞ்சினின் அடிப்பக்கத்தில் எங்கேயாவது எண்ணெய் கசிந்தால் அது பெரும்பாலும் அந்தத் தகரக் கூட்டின் மேல்தான் விழும். விழுந்த கொஞ்ச நேரத்தில் கரிந்த எண்ணெயின் வாடை காலடியிலிருந்து ஏறிவரும், பழைய பஸ்ஸில் டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரிந்த அதே வாடை. மூன்று குளிர்காலம் கழிந்துவிட்டது, அந்த வாடை வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஒரு சனிக்கிழமை போய் அவர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லி, எஞ்சினை இறக்கி, மறுபடி செய்து கொடுத்திருப்பேன். வராததுதான் தொந்தரவாக இருக்கிறது.

கார் 1973ஆம் வருடத்து போர்ஷே 911, டி வகை, 2341 சி.சி. அது செய்யப்பட்ட, ஜெர்மனியின் ஸூஃபன்ஹௌஸன் தொழிற்சாலைக்கும் எங்கள் ஊருக்கும் அதிக தூரமில்லை. நெக்கர் ஆற்றைப் பார்த்தபடி திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறும் சரிவின் அடியில் கிழவரின் கராஜ். நாற்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். நான் அடுத்த தெருவில் குடியிருப்பவன், கணினி முன் சம்பளம் வாங்குபவன். பள்ளி விடுமுறைகளில் கோயம்புத்தூரில் மாமாவின் பம்புசெட் பட்டறையில் வளர்ந்த கைகள் மட்டும் பாக்கி. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவர் என்னை உள்ளே விட்டார். எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி முதல் முறை முழுக்கக் கழற்றிய நாளில் என்னைத் திகைக்க வைத்தது அதன் பிரிவினை. நான் பார்த்துப் பழகிய எஞ்சின்களில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஹெட். இங்கே ஆறு சிலிண்டரும் தனித்தனி, ஆறு ஹெட்டும் தனித்தனி. மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம், வெயிலில் படுத்திருக்கும் ஆமைகள் மாதிரி கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கத்து மூன்று ஹெட்டுகளின் மேலும் ஒரு நீள அலுமினிய வார்ப்பு வந்து உட்கார்கிறது. அதற்குள்தான் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது, ராக்கர்கள் ஆடுகின்றன, எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. கேம் ஹவுஸிங் என்பது அதன் பெயர். மூன்று தனி ஆட்களை ஒரே பெஞ்சில் உட்கார வைக்க வேண்டியிருந்தால் பெஞ்சை அவர்கள் தலைமேல் வைத்தது போல. இந்த எஞ்சினுக்கு முந்தைய தலைமுறையில் அதே கம்பெனியின் எர்ன்ஸ்ட் ஃபூர்மன் வடிவமைத்த நான்கு கேம் எஞ்சின் ஒன்று உண்டு. அதில் கேம்களைச் சுற்றுவது பற்சக்கரம் வைத்த தண்டுகள், அதைச் சேர்ப்பதற்குப் பொறுமையின் சிகரத்தில் இருப்பவர்கள் வேண்டும். ஹான்ஸ் மெட்ஸ்கர் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு வேலை செய்தபோது தண்டுகள் போய்ச் சங்கிலி வந்தது. சங்கிலி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஹவுஸிங் விட்டுக்கொடுக்காது.

மாற்ற வேண்டி வந்தது இடது பக்கத்து ஹவுஸிங். ராக்கர்கள் மாட்டியிருக்கும் குட்டித் தண்டுகள் எதையும் திருகிப் பிடிப்பதில்லை. துளைக்குள் செருகி, நடுவில் உள்ள போல்ட்டை இறுக்கினால் முனைகள் விரிந்து துளைச் சுவரைக் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான் பிடிமானம். எப்போதோ யாரோ அதைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். தண்டு நழுவி, முன்னும் பின்னும் நகர்ந்து, அலுமினியத் துளையை உழுது வைத்திருந்தது. விரலை விட்டால் வரிவரியாகத் தட்டுப்பட்டது. எண்ணெய் அந்த வரிகள் வழியாகத்தான் இத்தனை வருடம் வெளியே நடந்திருக்கிறது. வேறோர் எஞ்சினிலிருந்து கழற்றிய ஹவுஸிங் ஒன்றைக் கிழவர் பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் வாங்கி வந்தார். புத்தம் புதியது போல, மேகநிறத்தில், ஒரு கறை இல்லாமல் பளபளத்தது. கிழவருக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் முனையில் அடித்திருந்த அடைப்பை உளி வைத்து எடுத்தார். உள்ளே ஹவுஸிங்கின் நீளத்துக்கும் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதில் ஊசித்துளைகள், ஒவ்வொரு கேம் மேட்டுக்கும் எண்ணெய் பீய்ச்ச. அந்தக் குழாய் வழியே பெட்ரோலை ஊற்றி, அடியில் காபி வடிகட்டும் தாளைப் பிடித்தோம். தாளில் வெள்ளையாக மாவு போல் ஒன்று தங்கியது. விரலால் தேய்த்தால் மாவு இல்லை, நறநறத்தது. கண்ணாடிப் பொடி. ஹவுஸிங்கை அழகாக்குவதற்காகக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், மணிகள் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. அப்படியே மாட்டி ஓட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் கேம் சுழலும் துளைகளை அரைத்துவிட்டு எண்ணெயோடு கீழே போய் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளையும் தேடியிருக்கும். கிழவர் அந்தத் தாளை மடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, விற்றவனுக்குக் காட்ட இல்லை, எனக்குக் காட்ட என்றார்.

கழுவுவதில் ஒரு வாரம் போனது. பிறகு அளப்பது. இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டுக்குத் தனியாகப் பேரிங் இல்லை. எஃகுத் தண்டு நேரே அலுமினியத் துளைக்குள் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. ஆகவே ஒரு ஹவுஸிங்கும் அதனுள் ஓடிய ஷாஃப்டும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியவை. இப்போது இவர் ஷாஃப்டை வேறொருவர் ஹவுஸிங்கில் போடுகிறோம். நீளப்பாட்டில் ஒரே கோட்டில் இருக்க வேண்டிய துளைகளில் ஒன்றில் கொஞ்சம் தேய்மானம் கூட இருந்தால், ஷாஃப்ட் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் கனக்கும். சர்ஃபேஸ் பிளேட்டில் நீலமை தடவி, ஹவுஸிங்கின் அடிமுகத்தை அதில் மெதுவாக இழுத்து எடுத்தோம். மை பட்ட இடம் மேடு, படாத இடம் பள்ளம். ஒரு மூலையில் தாமரை இலையளவு, இல்லை, ஒரு வெற்றிலையின் அளவு மை படாமல் வெள்ளையாக இருந்தது. ஃபீலர் கேஜ் தகடு நுழையாத பள்ளம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. போதும் என்றார் கிழவர். எனக்கு அந்த வெற்றிலை நினைவில் தங்கிவிட்டது. சங்கிலிச் சக்கரங்களின் தளம் சரியா என்று வேறு பார்க்க வேண்டும். கேம் சக்கரமும் கீழே அதைச் சுற்றும் சக்கரமும் ஒரே தளத்தில், கால் மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். ஹவுஸிங் மாறினால் அந்தக் கணக்கும் மாறும், மெல்லிய வளையத் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நேர்ப்படுத்த வேண்டும். அதை விவரிக்கப் போவதில்லை. ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது என்பதோடு விடுகிறேன்.

சொல்ல வந்தது அந்த முகத்தைப் பற்றி. ஹவுஸிங்கின் அடிமுகமும் ஹெட்டுகளின் மேல்முகமும் சேரும் இடத்தில் பேக்கிங் கிடையாது. மாமாவின் பட்டறையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை பேக்கிங் வெட்டுவதுதான். பம்பின் மூடிமேல் பேக்கிங் ஷீட்டை வைத்து, பால்பீன் சுத்தியலின் உருண்டை முகத்தால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போனால், வார்ப்பின் கூர்விளிம்பே தாளை அறுத்துக்கொடுக்கும். ஓட்டைகளின் மேல் ஒரு தட்டு, வட்டமாகப் பொட்டுப் பொட்டாக விழும். பிறகு இரண்டு பக்கமும் ஷெல்லாக் தடவி ஒட்டுவார்கள். பேக்கிங் போட்டுட்டா பயமில்லடா மாப்ள என்பார் மாமா. அந்த ஷெல்லாக் நம் அரக்குதான் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. புரசிலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் பூச்சியின் பிசின். தாசில்தார் ஆபீசில் உறையின் மேல் சொட்டவிட்டு முத்திரை குத்துவதும் அதே குடும்பம், பாண்டவர்களுக்கு வீடு கட்டியதும் அதே. சீல் வைத்தாயிற்று என்று நம் ஊரில் சொன்னால், கடைக்கதவில் அரக்கு வைத்துப் பூட்டியாயிற்று என்று அர்த்தம்: உள்ளே இருப்பதை இனி யாரும் பார்க்க முடியாது. எஞ்சினுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பேக்கிங்கின் குணம், அது பள்ளமேட்டை மன்னிக்கும். வெற்றிலையளவு பள்ளமெல்லாம் அதற்கு ஒன்றுமேயில்லை. ஆனால் இந்த இடத்தில் பேக்கிங் போட்டால் நாளாக ஆக அது நசுங்கி நட்டுகள் தளரும், ஹவுஸிங்கின் உயரம் மாறும், மூன்று ஹெட்டுகளின் மேல் நேர்கோட்டில் நிற்க வேண்டிய கேம் துளைகள் கோணும். உலோகம் உலோகத்தைத் தொட்டாக வேண்டும். தொட்டும் தொடாமலும் எஞ்சும் இடைவெளியை மட்டும் ஏதாவது ஒன்று நிரப்ப வேண்டும்.

நிரப்புவதற்கு இன்று பலர் பயன்படுத்துவது ஆரஞ்சு நிறப் பசை ஒன்று. செந்தூரத்தை எண்ணெயில் குழைத்தது போல இருக்கும். அதன் குணம் விசித்திரமானது, காற்று இருக்கும்வரை இறுகாது. இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் நசுங்கி, காற்றே போகாத இடத்தில் அகப்பட்ட பிறகுதான் கெட்டியாகும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1950களில் இதை வியாபாரப் பொருளாக்கினார். அதற்கு முன்பே இத்தகைய திரவம் ஒன்று வேறோர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. ஆனால் அதற்குள் காற்றை விடாமல் குமிழ்விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். மீன்தொட்டி மாதிரி. கிரீபிள் அதைப் புட்டியில் அடங்கும்படி செய்தார். இன்றும் அந்தப் புட்டிகள் காற்று ஊடுருவும் பிளாஸ்டிக்கில், முழுக்க நிரப்பாமல் விற்கப்படுகின்றன, உள்ளே மூச்சுவிட இடம் வைத்து. இரும்பிலும் பித்தளையிலும் சீக்கிரம் இறுகும், அலுமினியத்தில் மெதுவாக. வெளியே பிதுங்கியது நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், துணியால் துடைத்தால் போய்விடும். உள்ளே பிதுங்கியது எண்ணெயோடு கரைந்து போகும். சிலிக்கோன் பசை இதற்கு நேர் எதிர். அது காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுவது, ஆகவே பிதுங்கியதெல்லாம் ரப்பர் புழுக்களாகி, அறுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். மாமா அதைத்தான் பின்னாளில் எல்லாவற்றுக்கும் அப்பினார். கை தாராளமாக இருப்பவர்களுக்குச் சிலிக்கோன் பிடிக்கும், தடவிய அளவு கண்ணுக்குத் தெரியும் என்பதால். ஆரஞ்சுப் பசையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வேலைக்கு ஆகாதது. பிடித்த பகுதியை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும், பிரித்தால் அது பிடித்த பகுதி இல்லை.

அன்று மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை, கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தோம். முகங்களை அசிட்டோனால் துடைத்தோம், துணி வெள்ளையாகவே வரும்வரை. அதன் பிறகு விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் பிசுக்கு போதும், பசை அந்த இடத்தை வெறுக்கும். சின்ன ரப்பர் உருளையால் ஹவுஸிங்கின் முகத்தில் பசையை உருட்டினேன். கிழவர் பக்கத்திலிருந்து, இன்னும் மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடியில் அலுமினியத்தின் நிறம் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஹவுஸிங்குக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவில், எண்ணெய் திரும்பிப் போக ஒரு பக்கத்துக்கு இரண்டு குழாய்கள், இரு முனையிலும் ஓ-ரிங். ஹவுஸிங்கை இறக்கும்போதே அந்த இரண்டு குழாய்களும் தம் வாய்களுக்குள் போக வேண்டும், அதே நேரம் ஹெட்டுகளின் ஸ்டட்டுகள் அத்தனையும் ஹவுஸிங்கின் துளைகளுக்குள் போக வேண்டும், பசை எதிலும் உரசக்கூடாது. மூன்று கை வேலை. எங்களுக்கு நான்கு கை இருந்தது, அந்த நேரத்தில் வீட்டுக்குள் போன் அடித்து இரண்டு கை போய்விட்டது. அவர் மகள் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். வரும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பசை காய்ந்துவிடும் என்ற பதற்றம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன், காற்றில் அது காயாது என்பது நன்றாகத் தெரிந்திருந்தும்.

இறக்கினேன். கடைசி ஹெட்டின் பக்கம் முதலில் தொட்டுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை, கையில் ஒரு மென்மை, ஈரச்சுவரில் தாள் ஒட்டுவது போல. அதே கணத்தில் அந்தப் பக்கத்து எண்ணெய்க் குழாய் சற்றுத் தள்ளிச் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன், ஓ-ரிங் விளிம்பில் மாட்டிப் பிதுங்கியிருந்தது. ஹவுஸிங்கை ஒரு விரற்கடை தூக்கினேன். தூக்கியபோது ஹெட்டின் முகத்தில் பசை கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. சின்ன வயதில் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் மையை நசுக்கிப் பிரித்தால் வரும் பெரணி இலை வடிவம். நடுத்தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, விளிம்பிலிருந்து உள்நோக்கி. ஒவ்வொரு கிளைக்கும் நடுவில் வெற்று அலுமினியம். அது காற்று உள்ளே நுழைந்த வழி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கெட்டியான திரவத்தை அதைவிட மெல்லியது தள்ளும்போது எல்லைக்கோடு நேராக நகராமல் விரல்விரலாக உடைந்து முன்னேறும், சாஃப்மன், டெய்லர் என்ற இருவர் 1958இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொட்ட முகத்தைப் பிரித்தால் இரண்டையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, இருபது நிமிட வேலை. நான் குழாயை நிமிர்த்தி, ஓ-ரிங்கை எண்ணெய் தொட்ட விரலால் உள்ளே தள்ளி, அதே விரலோடு ஹவுஸிங்கைப் பிடித்து, மறுபடி இறக்கினேன். ஒரே சீராக உட்கார்ந்தது. கிளைகள் மறைந்தன.

கிழவர் கையைத் துடைத்தபடி வந்து, உட்கார்ந்ததா என்று கேட்டார். உட்கார்ந்தது என்றேன்.

அதில் பொய் எங்கே என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தது என்பது உண்மை. நட்டுகளை விரலால் ஓட்டிவிட்டு, அவர் டார்க் ரெஞ்சை எடுத்தார். எதை முதலில் இறுக்குவது என்பதில் இந்த வேலை செய்பவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஹெட் நட்டுகளை முதலில் முழுசாக இறுக்கிவிட்டு அதன் மேல் ஹவுஸிங்கை இறுக்குவது ஒன்று. ஹெட்டுகளைத் தளர்வாக வைத்து ஹவுஸிங்கை முதலில் இறுக்கி, மூன்று ஹெட்டுகளும் அதன் நேர்க்கோட்டுக்கு வந்து நிற்க விட்டு, பிறகு ஹெட்டுகளை இறுக்குவது இன்னொன்று. கிழவர் இரண்டாம் கட்சி. சிலிண்டர்களின் உயரத்தில் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதற்காகவே தொழிற்சாலையில் அவற்றை உயரவாரியாகப் பிரித்து அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 6 என்று எண் பொறித்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே எண்தான் போட வேண்டும். ஹெட்டுகளை முதலில் இறுக்கினால் அந்தச் சில பங்கும் உறைந்துவிடும், ஹவுஸிங் வளைந்து கொடுக்க வேண்டி வரும் என்பது அவர் வாதம். ஹவுஸிங் நட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், ஹெட்டுக்கு 32. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக அவர் இறுக்கிக்கொண்டு போக, நான் கேம் ஷாஃப்டை ஒரு கையால் சுற்றிக்கொண்டே இருந்தேன், எங்கேயாவது கனக்கிறதா என்று. கனக்கவில்லை. எண்ணெயில் நனைந்த தேர்ச்சக்கரம் போல மெத்தென்று சுற்றியது. விளிம்பெங்கும் ஆரஞ்சுக் கோடு தலைமுடி கனத்தில் பிதுங்கி வந்தது. கடைசி ஹெட்டின் ஓரத்தில், ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு, அந்தக் கோடு வரவில்லை. மெல்லிசாகத் தடவியிருக்கிறாய், நல்லது என்றார் கிழவர்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஜெர்மனில் யாரை மரியாதைப் பன்மையில் பேசுவது, யாரை ஒருமையில் பேசுவது என்பதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. மூத்தவர்தான் முதலில் கை நீட்டி, இனி நமக்குள் ஒருமை என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்பு, கிரீஸ் கையோடு, கிழவர் அதைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வாய் அவரை நீ என்கிறது. மனதுக்குள் அவரோடு பேசும்போதெல்லாம், அதாவது இந்த மூன்று வருடமாக இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம், நீங்கள் என்றுதான் வருகிறது. ஒருமையில் பேசுகிறவரிடம் தப்பை ஒத்துக்கொள்வது சுலபமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அது வராததற்கு மொழி காரணமா, சுபாவம் காரணமா என்று தெரியவில்லை. மாமாவிடமும் சொல்லாமல் விட்டவை உண்டு. ஆனால் பட்டறையில் தப்பு மறுநாளே தண்ணீராகப் பீறிட்டு வந்துவிடும், சொல்லாததற்கு ஆயுள் ஒரு ராத்திரிதான்.

இங்கே வருவதற்கு ஒன்றுமில்லை. அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பது அழுத்தத்தில் நிற்கும் எண்ணெய் அல்ல. ராக்கர்களின் மேல் தெறித்து, சுவரில் வழிந்து, திரும்பிப் போகும் குழாயைத் தேடி நடக்கும் எண்ணெய். முட்டித் தள்ளாது. காத்திருக்கும். ஹெட் சூடாகும், ஹவுஸிங் அதைவிடக் குறைவாகச் சூடாகும். ஒரு மீட்டர் அலுமினியம் நூறு டிகிரிக்கு 2.3 மில்லிமீட்டர் நீளும், அதே நீள எஃகு பாதிதான் நீளும். ஆகவே ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் அலுமினிய முகம் ஒருவிதமாகவும் அதைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட் வேறுவிதமாகவும் நீண்டு, சாவியை எடுத்ததும் சுருங்கி, நடுவில் உள்ள படலத்தை முன்னும் பின்னும் தேய்க்கின்றன. அந்தக் கிளைகளுக்கு நடுவில் மறுபடி பசை ஓடிச் சேர்ந்ததா, இல்லை ஒரு மயிரிழை காற்று உள்ளேயே அகப்பட்டு, அதைச் சுற்றியுள்ள பசை இன்னும் இறுகாமல், முதல் நாள் போலவே செந்தூரக் குழம்பாக இருக்கிறதா? இரண்டாவது சாத்தியத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. பொறியியல் தெரிந்த நண்பர் ஒருவரிடம் யாருடையது என்று சொல்லாமல் கேட்டேன். கசியவில்லை என்றால் பிடித்துவிட்டது என்றுதானே பொருள் என்றார். அவர் சொல்வது சரி. ஆனால் கசியாதது பசையால்தானா, அந்த எண்ணெய்க்கு அந்தப் பக்கம் போகும் தேவையே வரவில்லை என்பதாலா? மடை ஒன்றைக் கட்டிவிட்டு மழை வராத வருடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் குடியானவனுக்கு என்ன பெருமை இருக்க முடியும்?

பழைய ஹவுஸிங் என் வீட்டில் இருக்கிறது. எறியப் போனவரிடமிருந்து கேட்டு வாங்கி வந்தேன், புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. அதன் முகத்தில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய பசையின் மிச்சம், வெங்காயத் தோல் நிறத்தில், நகத்தால் கீறினால் வரும். யாரோ ஒருவர் அதை ஒரு தடவை இறக்கியிருக்கிறார். ஒரே தடவையில் இறக்கினாரா என்று அந்தத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் கிளை போல ஒரு வரி இருக்கிறது. கழற்றும்போது வந்ததாகவும் இருக்கலாம்.

போன மாதம் கிழவர் கூப்பிட்டனுப்பினார். காருக்கு அடியில் எப்போதும் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்திருப்பார், பழைய காற்றுக்குளிர் 911 எதற்கும் ஒன்றிரண்டு சொட்டு உண்டு என்பது அவர் சமாதானம். ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி எழுதி, எங்கிருந்து என்று ஒரு சொல் எழுதுவார். எண்ணெய்த் தொட்டிக் குழாய். ராக்கர் தண்டு. கீழ் வால்வு மூடி. அட்டையை வெளியே இழுத்துக் காட்டினார், பள்ளிக்கூடத்துப் பூகோளப் படம் மாதிரி இருந்தது. இடது பக்கத்தில், மற்ற வட்டங்களிலிருந்து தள்ளி, மிளகளவு ஒரு புள்ளி. தேதி எழுதியிருந்தது. சொல்லுக்கு இடம் விட்டு ஒரு கேள்விக்குறி. என் கண் போதவில்லை, நீ பார் என்று டார்ச்சைக் கையில் கொடுத்தார். முதுகைத் தரையில் வைத்து உள்ளே நகர்ந்தேன். தகரக் கூட்டின் மேல் சாலைத் தூசி, அதன் மேலே ஹெட்டின் செதில்கள், அதற்கும் மேலே அந்தக் கோடு. கடைசி ஹெட்டின் ஓரம், அந்தக் கட்டைவிரல் நீளம். கையை நுழைத்து விரல் நுனியை அதன் மேல் வைத்து ஓட்டினேன். எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்குள் மேலேயிருந்து அவர் குரல் வந்தது, ஈரமா?